மாடிப்படியில் ஜெர்மன்: ஒரு விளக்கைப் பற்றிய புகார்

பிரெஞ்சு படிக்கத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், "வீட்டில் வாய்விட்டுப் படிக்கக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் மாடிப்படியில்தானே ஜெர்மன் படிக்கிறீர்கள், சரிப்பட்டு வருகிறதா?" என்று கேட்டார். போன மாதம் கேட்டிருந்தால் அந்தப் படிக்கட்டை வானளாவப் புகழ்ந்திருப்பேன். இப்போது அங்கே விளக்கைப் பழுதுபார்த்துவிட்டார்கள்.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லிஃப்ட் உள்ள கட்டடம், அதனால் படிக்கட்டில் ஆள் நடமாட்டம் இல்லை. கடைசித் தளத்துக்கும் மொட்டைமாடிக் கதவுக்கும் நடுவிலுள்ள திருப்பம் என்னுடையது. உட்கார சிமெண்ட் படி, சாய்ந்துகொள்ளச் சுவர், காதில் இயர்போன். ஆண்டுக்கணக்கில் அங்கேதான் படிக்கிறேன்.

விளக்குக்கு வருகிறேன். ஆள் வந்தால் எரிந்து, போனால் அணையும் வகை அது. வெள்ளை பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும் உணரி, உடம்பின் வெப்பம் இடம் மாறுகிறதா என்று மட்டுமே பார்க்கிறது. குறுக்கே நடந்தால் சட்டென்று கண்டுகொள்ளும். நேராக அதை நோக்கி ஏறி வந்தால் கொஞ்சம் யோசித்துத்தான் விழிக்கும். அசையாமல் உட்கார்ந்து வினைச்சொல் மனப்பாடம் செய்கிறவர் அதன் கணக்கில் சுவரோடு சுவர். பக்கத்தை ஆழ்ந்து படித்துக்கொண்டிருப்பேன், இருட்டிவிடும். கையை ஆட்டினால் வெளிச்சம் வரும். படிப்பவனைத் தண்டித்து, சும்மா உலாத்துகிறவனுக்கு வெளிச்சம் தரும் கருவி இது.

இந்தத் தொல்லையிலிருந்துதான் எனக்கு நல்லதும் கிடைத்தது என்பதை ஒப்புக்கொள்ளாவிட்டால் நியாயம் ஆகாது. கையை ஆட்டி அலுத்துப்போய், நடந்துகொண்டே படிக்க ஆரம்பித்தேன். பன்மொழி வல்லுநர் அலெக்சாண்டர் ஆர்குவெயஸ் பரிந்துரைக்கும் முறையும் ஏறக்குறைய இதுதான். ஒலிப்பதிவை ஓடவிட்டு, நிமிர்ந்து விரைவாக நடந்தபடி, கேட்கும்போதே உரக்கக் கூடவே சொல்ல வேண்டும். அவர் திறந்தவெளியில் நடக்கச் சொல்கிறார். எனக்குப் படிக்கட்டுதான் வாய்த்தது. ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்சே வெல்லே மெதுவாக வாசித்து வெளியிடும் செய்திகள் இதற்கு அளவெடுத்தது போலப் பொருந்தின. ஒவ்வொரு நாளின் செய்தியும் மெதுவான வேகத்திலும் வழக்கமான வேகத்திலும் கிடைக்கும், எழுத்துவடிவமும் உண்டு. மெதுவான வேகத்தில் ஏறி, வழக்கமான வேகத்தில் இறங்குவேன்.

படிக்கட்டின் எதிரொலி தனிச் சுகம். நாக்கை இகரத்துக்கும் உதட்டை உகரத்துக்கும் வைத்துச் சொல்ல வேண்டிய உயிரொலி ஒன்று ஜெர்மனில் இருக்கிறது. அறைக்குள் சொன்னபோது சரியாகச் சொல்வதாகவே தோன்றியது. சிமெண்ட் சுவர்கள் அதை நீட்டித் திருப்பித் தந்தபோதுதான் வெறும் இகரத்தில் நிற்பது காதில் விழுந்தது. ஆனால் மெய்யெழுத்துகளுக்கு அதே எதிரொலி எமன். முந்தைய உயிரொலியின் அதிர்வு அடங்குவதற்குள் அடுத்த மெய் வந்து அதில் மூழ்கிவிடும். சொல்லின் இறுதியில் வரும் 'க்', 'ட்' எல்லாம் கரைந்துபோகும். ஜெர்மனில் சொல்லிறுதியை அழுத்தி முடிக்காவிட்டால் பேச்சே சோம்பலாகக் கேட்கும். உயிரொலிக்குப் படிக்கட்டு, மெய்யொலிக்குத் துணி அலமாரி முன்னால் என்று பிரித்துக்கொண்டேன்.

இன்னொரு குறை, இது படிக்கட்டின் தவறு அல்ல. அங்கே சரளமாக வந்த வாக்கியம் சாப்பாட்டு மேசையில் வாயில் வராது. எழுதிக் காட்டினால் உடனே தெரிகிறது, தானாக எடுத்துச் சொல்லத்தான் முடிவதில்லை. 1975இல் காடன், பேட்லி என்ற உளவியல் ஆய்வாளர்கள் முக்குளிப்பவர்களை வைத்துச் செய்த நினைவாற்றல் சோதனை இதைத்தான் பேசுகிறது. தண்ணீருக்கு அடியில் கேட்ட சொற்கள் தண்ணீருக்கு அடியிலும், கரையில் கேட்டவை கரையிலும் கூடுதலாக நினைவுக்கு வந்தன. 1980இல் அவர்களே, சொல்லை அடையாளம் காணச் சொல்லிப் பார்த்தபோது இட வேறுபாடு இல்லாமல் போனது. 2021இல் வேறொருவர் முதல் சோதனையைத் திரும்பச் செய்தபோது பழைய முடிவு கிடைக்கவில்லை. கிடைக்காமல் போகட்டும், என் சாப்பாட்டு மேசைக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. ஸ்மித், கிளென்பெர்க், பியோர்க் மூவரும் 1978இல் வெளியிட்ட ஆய்வு கைகொடுத்தது. ஒரே அறையில் இரண்டு முறை படித்தவர்களைவிட, இரண்டு வெவ்வேறு அறைகளில் படித்தவர்களுக்குப் புதிய இடத்தில் கேட்டபோது அதிகச் சொற்கள் நினைவுக்கு வந்தன. அதன்பின் ஒவ்வொரு பாடத்தையும் படிக்கட்டில் ஒரு முறை, வேறெங்காவது ஒரு முறை என்று வைத்துக்கொண்டேன். பலன் தெரிகிறது.

இவ்வளவும் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பழுதுபார்ப்பு. பழைய உணரி சில சமயம் அணையவே அணையாதாம், மின்சாரம் வீணாம். புதிது மாட்டினார்கள். அதன் பக்கவாட்டில் இரண்டு சின்னத் திருகுகள். ஒன்று எவ்வளவு இருட்டினால் எரிய வேண்டும் என்பதற்கு, மற்றது எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதற்கு. இரண்டாவதைக் கடைசிவரை குறைத்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஜெர்மனில் துணைவாக்கியத்தின் வினைச்சொல் கடைசியில்தான் வரும். தமிழில் பேசிப் பழகியவருக்கு இதற்குப் பொறுமை உண்டு. இந்த விளக்குக்கு இல்லை. நின்று, மூச்செடுத்து, ஒரு நீண்ட வாக்கியத்தைப் பார்த்துச் சொல்ல முயன்றால் எழுவாய் தெரிகிறது, வினைச்சொல் இருட்டில் போய்விடுகிறது. கைப்பேசி வெளிச்சத்தில் படிக்கலாமே என்கிறார்கள். படிக்கலாம். அதற்குப் போர்வைக்குள்ளேயே படிக்கலாமே, படிக்கட்டு எதற்கு?

திருகைக் கொஞ்சம் திருப்பிவிடச் சொல்லிப் பராமரிப்புப் பொறுப்பாளரிடம் கேட்டேன். படிக்கட்டு ஏறி இறங்க இந்த நேரம் போதும் என்றார். ஏறி இறங்குகிறவர் யாரும் இல்லை, நான்தான் இருக்கிறேன் என்றேன். விநோதமாகப் பார்த்தார்.

ஆகவே நண்பருக்கு என் தீர்ப்பு: வேண்டாம். வேறு இடம் பாருங்கள். என் உச்சரிப்பில் தேறியது முக்கால்வாசி அந்தப் படிகளில் தேறியதுதான், இருந்தும் வேண்டாம் என்றே சொல்கிறேன். கேட்காமல் போவதானால் பாடத்தை அச்சில் எடுத்துப் போகாதீர்கள், காதால் கேட்டே சொல்லும் பாடமாகப் பாருங்கள். கீழ்த்தளத்துத் திருப்பம் வேண்டாம், லிஃப்ட் நின்றுபோகும் நாளில் மொத்தக் கட்டடமும் அந்த வழியாகத்தான் வரும். என் திருப்பத்துக்கும் வராதீர்கள், இரண்டு பேர் ஒரே எதிரொலியில் இரண்டு மொழி படிக்க முடியாது.