அணில்பிள்ளையைப் படமெடுக்க: போனா, நீள லென்ஸா?

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரான சேதுக்கரைக்குப் போகிற வழியில் எங்கள் வீடு. கொல்லையில் இரண்டு பனை, ஒரு வேம்பு, ஒரு முருங்கை, மற்றபடி மணல்தான். அணில்பிள்ளைகளுக்கு அது தாராளம். முதுகில் மூன்று வெள்ளைக் கோடு போட்ட நம் தென்னாட்டு அணில் இது. வடக்கே காண்பதற்கு ஐந்து கோடு. பாலம் கட்ட மணல் சுமந்த அணிலை ராமர் தடவிக்கொடுத்த கதையைக் கேட்டே வளர்ந்ததாலோ என்னவோ, எனக்கு அதன் முதுகைப் படத்தில் பார்க்கிற ஆசை விட்டதில்லை. இரண்டு வருடமாகப் போனிலும் எடுக்கிறேன், தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் 70-300 மி.மீ. நீள லென்ஸ் போட்ட கேமராவிலும் எடுக்கிறேன்.

போனைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் போவது மட்டும் வேண்டாம். பத்தடி நெருங்கினாலே அணில் மரத்தின் மறுபக்கம் போய்விடும். திரையில் விரலை விரித்துப் பெரிதாக்கினால் ரோமம் எல்லாம் குழம்பிப் பசை போல ஆகிவிடுகிறது. நான் அப்படி ஓடியதைப் பார்த்து அப்பத்தா சொன்னது: “ஏன்யா வெரட்டுற? ஒரு எடத்துல உக்காரு, அதுவா வரும்.” அந்த வார்த்தைக்குப் பிறகுதான் எனக்கு நல்ல படம் கிடைத்தது.

அதே போனைத் தரையில் வைத்துவிட்டால் கதையே வேறு. தண்ணீர் வைத்த மண்சட்டிக்கு ஒன்றரை அடி தள்ளி, அரைச் செங்கலில் சாய்த்து, வீடியோவை ஓடவிட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவேன். 4கே வீடியோவில் ஒவ்வொரு காட்சியும் கிட்டத்தட்ட 80 லட்சம் புள்ளிகள். பிடித்ததைப் பிறகு பிரித்து எடுக்கலாம். போன் தரையில் இருப்பதால் நாமும் அணிலின் கண் மட்டத்தில் இருந்து பார்க்கிறோம். அணிலோடு மணலும் சட்டியும் பின்னால் பனையும் சேர்ந்து வருகின்றன. எந்த ஊர் அணில் என்று படமே சொல்லிவிடும். குறையும் உண்டு: வெளிச்சம் குறைந்தால் அசைவு கலங்கும். சித்திரை வெயிலில் போன் சூடாகிப் பதிவு நின்றுவிடும், ஓலை நிழல் கட்டாயம்.

லென்ஸின் பலம் தூரம். என் கேமராவில் படம் பதியும் சில்லு, அதாவது சென்சார், சிறியது; அதில் 300 மி.மீ. என்பது 450 போல வேலை செய்கிறது. திண்ணையில் பன்னிரண்டு அடி தள்ளி உட்கார்ந்தாலும் அணில் பாதிச் சட்டத்தை நிறைக்கும், மீசை மயிரை எண்ணலாம். விதையைப் பிடித்துக் கொறிக்கும்போது ஷட்டர் வேகம் 1/250 நொடி போதும். பூனையைக் கண்டு ‘கிச் கிச்’ என்று கத்தும்போது ஒவ்வொரு கத்தலுக்கும் வால் வெட்டி இழுக்கும். அதற்கு 1/1000 வேண்டும். எங்கள் பக்கம் இன்னொன்றும் கவனிக்கணும். வெள்ளை மணலைக் கண்டு கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கிவிடும், கேமராவில் வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்) கூட்டி வையுங்கள். அப்புறம் உப்பு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அரை மணி நேரத்தில் கண்ணாடி மங்கிப்போகும். எடுத்து முடித்ததும் துடைத்து, சிலிக்கா ஜெல் பையோடு மூடி வைக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும். விலையோடு இந்தப் பராமரிப்பையும் கணக்கில் சேர்த்துத்தான் லென்ஸ் வாங்கணும்.

தீனியா தண்ணீரா என்பதிலும் எனக்கு ஒரு முடிவு உண்டு. அமெரிக்காவில் சிப்மங்க் என்கிற கோடு போட்ட சின்ன அணிலைப் படமெடுப்பவர்கள் கடலை போடுவார்கள்; கன்னப் பையில் திணித்துக்கொண்டு வளைக்கு ஓடும் காட்சிதான் அங்கே அழகு. குளிர்காலத்தில் அது வளைக்குள் அடங்கிவிடுவதால் சேமிப்பு அதற்குத் தேவை. நம் அணிலுக்குக் கன்னப் பையும் இல்லை, குளிர்கால உறக்கமும் இல்லை. நான் பொரி போட்ட நாளெல்லாம் முதலில் வந்தது காக்கை, அடுத்து பூனை. மிக்சர், பிஸ்கட் போடவே கூடாது; உப்பும் சர்க்கரையும் அதற்கு ஆகாது. தண்ணீர்ச் சட்டிக்கு மட்டும் கோடையில் காலை ஏழரைக்குள் அணில் தவறாமல் வருகிறது. நுங்குக் காலத்தில், தின்றுவிட்டுப் போட்ட கோந்தைக்குள் தலையை விட்டு நக்கும், அதற்கு நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

கையில் நல்ல போன் இருந்தால் லென்ஸுக்கு அவசரப்படாதீர்கள். ஒரு கோடை முழுக்கச் சட்டியும் செங்கலும் போதும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் போனை நான் ஒதுக்கிவிடுவேன்: கூடு. இப்போது எங்கள் ஓலைக் கொட்டகை இடுக்கில் தேங்காய் நாரும் துணி நூலும் கொண்டுபோய் ஓர் அணில் கூடு கட்டுகிறது. அங்கே போனைச் சொருகினால் தாய் மிரண்டுவிடும். அதனால் லென்ஸைத் துடைத்துத் திண்ணைத் தூணோரம் வைத்திருக்கிறேன், குட்டிகள் தலை நீட்டும்வரை.