குட்டினோவை விற்ற காசும் நெய்மாரை விற்ற காசும்

வியாசர்பாடியில் ஃபுட்பால் பேச உட்கார்ந்தால் ஆட்டத்தைப் பற்றிய பேச்சு பத்து நிமிஷம்தான் ஓடும். அதற்குள் யாராவது ஒருத்தர் "அவன வித்த காசு இன்னாபா ஆச்சு?" என்று ஆரம்பித்துவிடுவார். முல்லை நகர் மைதானத்தில் பிராக்டீஸ் முடித்து பூட்ஸைக் கழற்றும் பையன் முதல், நள்ளிரவு ஆட்டம் பார்த்துவிட்டுக் காலை ஷிப்டுக்கு ஓடும் அண்ணன்கள் வரை எல்லோருக்கும் இதில் ஒரு கட்சி உண்டு. நல்ல ஆட்டக்காரனை விற்கலாமா கூடாதா என்பதில்தான் சண்டை. விற்றவன் எல்லாம் அழிந்துவிடவில்லை, விற்காதவன் எல்லாம் கப் தூக்கிவிடவும் இல்லை. அணியில் ஓட்டை எங்கே என்று பணம் வரும் முன்பே தெரிந்து வைத்திருந்தவன் பிழைத்தான் என்பது என் கட்சி.

லிவர்பூல் ரசிகர்கள் எப்போதும் சொல்லும் கதை இது: முன்னால் ஆடும் குட்டினோவை பார்சிலோனாவுக்கு விற்றோம், அந்தக் காசில் டிஃபெண்டர் வான் டைக்கும் கோல்கீப்பர் அலிசனும் வந்தார்கள், சாம்பியன்ஸ் லீக் கப் வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தேதிகளைப் பாருங்கள். வான் டைக் வருவது உறுதி என்று அறிவிப்பு வந்தது 2017 டிசம்பர் 27. குட்டினோ விற்பனை முடிவானது அதற்குப் பத்து நாள் கழித்து, 2018 ஜனவரி 6. அதற்கும் முந்தைய கோடையிலேயே வான் டைக்கைக் கேட்டுப்போய், அவர் ஆடிய சவுதாம்ப்டன் கிளப் கோபப்பட்டு, லிவர்பூல் வருத்தம் தெரிவித்து அறிக்கை விட்டு ஒதுங்க வேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில் வேறொரு டிஃபெண்டரை அவசரத்துக்கு வாங்கிப் போட்டிருக்கலாம். வாங்கவில்லை. அரை சீசன் கோல் வாங்கிக்கொண்டே காத்திருந்து, 7.5 கோடி பவுண்டு கொடுத்து அதே ஆளைக் கூட்டி வந்தார்கள்.

அலிசன் கதையும் அப்படித்தான். 2018 மே மாதம் கீவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் கோல்கீப்பர் காரியஸ் செய்த தவறுகளை உலகமே பார்த்தது. ஜூலையில் ரோமாவிடமிருந்து அலிசன் வந்தார். அந்த டிசம்பரில் அதே சாம்பியன்ஸ் லீக்கில் நாபோலியுடன் ஆட்டம், லிவர்பூல் 1-0 முன்னிலை, 90 நிமிஷம் முடிந்துவிட்டது. நாபோலியின் மிலிக் கோலுக்கு மிக அருகில், தனி ஆளாக, பந்தோடு நிற்கிறார். அது உள்ளே போயிருந்தால் லிவர்பூல் குரூப் சுற்றோடு வெளியே. அலிசன் பாய்ந்து உடம்பைக் கொடுத்துத் தடுத்தார். அந்த சீசன் கப் அவர்களுக்குத்தான், 2020-இல் லீக்கும் வந்தது. குட்டினோவுக்குப் பதிலாக இன்னொரு குட்டினோவை அவர்கள் தேடவே இல்லை. சாலா, மானே, ஃபிர்மினோ இருக்கும்போது முன்னால் யார் வேண்டும்?

இப்போது எதிர்ப்பக்கம் வாருங்கள். 2017 ஆகஸ்டில் நெய்மார் பாரிஸின் பிஎஸ்ஜி கிளப்புக்குப் போனபோது பார்சிலோனா கைக்கு வந்தது 22.2 கோடி யூரோ. இன்றுவரை அதை மிஞ்சிய டிரான்ஸ்பர் கிடையாது. காசிமேட்டில் மீன் ஏலத்துக்குப் போகிறவர், கல்யாண ஆர்டர் கையில் இருக்கிறது என்று வாயை விட்டால் வஞ்சிரம் என்ன விலைக்குப் போகும்? பார்சிலோனாவின் நிலைமை அதுதான். பணம் இருப்பது ஊருக்கே தெரியும், அவசரம் இருப்பதும் தெரியும். டார்ட்மண்ட் கிளப் தன் ஆட்டக்காரன் டெம்பேலேவுக்கு 10.5 கோடி யூரோ சொன்னது, மேற்கொண்டு நிபந்தனைத் தொகை வேறு. லிவர்பூல் குட்டினோவுக்கு எல்லா நிபந்தனையும் சேர்த்து 16 கோடி யூரோ சொன்னது. இரண்டையும் கொடுத்தார்கள். 2019-இல் கிரீஸ்மனுக்கு இன்னொரு 12 கோடி.

நெய்மார் போன இடத்தில் இன்னொரு பெரிய பெயரை ஒட்டிவிட்டால் சரியாகிவிடும் என்ற எண்ணம்தான் இதற்கெல்லாம் காரணம் என்று நினைக்கிறேன். நடுக்களம் வயசாகிக்கொண்டே போனதை யார் கவனித்தார்கள்? 2020 ஆகஸ்டில் லிஸ்பனில் பேயர்ன் அவர்களை 8-2 என்று அடித்தபோது, அதில் கடைசி இரண்டு கோல் போட்டவர் பேயர்னுக்கு இரவலாகப் போயிருந்த அதே குட்டினோ. மறு வருஷம் மெஸ்ஸிக்கே சம்பளம் கொடுக்க வழியில்லாமல் அனுப்பி வைத்தார்கள். டெம்பேலே பாரிஸுக்குப் போய் 2025-இல் உலகின் சிறந்த ஆட்டக்காரனுக்கான பாலன் டோர் விருது வாங்கினார் என்பது பார்சிலோனா ரசிகர்களிடம் சொல்லக் கூடாத விஷயம்.

"சரி, அப்போ முன்னாடியே வாங்கிட்டா போதுமா?" என்று கேட்பார்கள். போதாது. டாட்டன்ஹாம் 2013-இல் கேரத் பேலை ரியல் மாட்ரிட்டுக்குச் சுமார் 8.5 கோடி பவுண்டுக்கு விற்றது. அவர் கையெழுத்துப் போடும் முன்பே பாலினோ, சொல்டாடோ, கபூ, சாட்லி, லமேலா, எரிக்சன், கிரிகெஷ் என்று ஏழு பேர் வந்து இறங்கிவிட்டார்கள். ஒரே கோடையில் ஏழு பேர் வந்தால் யார் யாரோடு ஆடிப் பழகுவது? டிசம்பரில் சொந்த மைதானத்தில் லிவர்பூலிடம் 5-0, மறுநாள் கோச் வீட்டுக்குப் போனார். எரிக்சன் மட்டும் போட்ட காசுக்கு மேலேயே ஆடினார், லமேலாவைப் பற்றி அரை மனசோடு நல்லபடி சொல்லலாம்.

விற்க மனசில்லாமல் வைத்திருப்பதும் ஒரு வழி. அதில் மான்செஸ்டர் யுனைடெட்தான் கில்லாடி. 2012-இல் கையில் வளர்ந்த போக்பாவைக் கோட்டை விட்டு, 2016-இல் 8.9 கோடி பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கி, 2022-இல் காண்ட்ராக்ட் முடிந்து சல்லிக்காசு வாங்காமல் அனுப்பினார்கள். இதற்கு மேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

இந்த ஊர்ப் பையன்கள் அதிகம் மோதிக்கொள்வது மலிவாக வாங்கி விற்கும் பிரைட்டனா, காசைக் கொட்டி வாங்கும் செல்சியா என்பதில். பிரைட்டன் கைசெடோவை ஈக்வடாரில் இருந்து 50 லட்சம் பவுண்டுக்கும் குறைவாக வாங்கி, 2023-இல் அதே செல்சிக்கு 10 கோடிக்கு விற்றது. குகுரேயாவையும் முந்தின வருஷம் செல்சி தலையில்தான் கட்டியது. "லாபத்த வெச்சு கப் வாங்க முடியுமாண்ணா?" என்பது செல்சி கட்சியின் பதில். நியாயமான கேள்வி. பிரைட்டன் லீக்கில் எட்டிய உயரம் ஆறாவது இடம். செல்சியோ 2025-இல் கான்பரன்ஸ் லீக், கிளப் உலகக் கோப்பை இரண்டும் தூக்கியது.

ஆனால் செல்சி அதற்குப் பிடித்த வழி எனக்கு ஒப்பவில்லை. என்ஸோ ஃபெர்னாண்டஸுக்கு 10.68 கோடி பவுண்டு, எட்டரை வருஷக் காண்ட்ராக்ட். கணக்குப் புத்தகத்தில் விலையை வருஷங்களால் வகுத்து எழுதுவார்கள் என்பதால் வருஷத்துக்கு ஒன்றேகால் கோடிதான் செலவு தெரியும். அஞ்சு வருஷத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது என்று பிறகு விதி வந்தது. கிளப் அகாடமியில் வளர்ந்த பையனை விற்றால் முழுத் தொகையும் லாபமாக எழுதலாம். அதனால்தான் மேசன் மவுண்ட், கானர் கேலகர் மாதிரி சொந்தப் பிள்ளைகளாகப் பார்த்து விற்றார்கள். நாலு கோடிக்குச் சொச்சம் கொடுத்துப் பால்மரை வாங்கியதை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். அது கண் தெரிந்தவன் செய்த வேலை.

அப்புறம், வளர்த்தவனுக்கு என்ன என்று ஒரு விஷயம் இருக்கிறது. டிரான்ஸ்பர் தொகையில் 5 சதவீதம், ஆட்டக்காரனை 12 வயது முதல் 23 வரை பழக்கிய கிளப்புகளுக்குப் போக வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வயது வரை வருஷத்துக்குக் கால் சதவீதம், அதற்கு மேல் அரை சதவீதம். பத்து கோடி பவுண்டு டிரான்ஸ்பரில் அந்த முதல் நாலு வருஷம் வைத்திருந்த கிளப்புக்கு மட்டும் பத்து லட்சம் பவுண்டு. நம் பக்கம் தனபால் கணேஷ் மாதிரி வியாசர்பாடியில் இருந்து ஐஎஸ்எல் வரை போனவர்கள் உண்டு, ஆபீஸ் டீமில் வேலை கிடைத்துப் போனவர்கள் அதைவிட அதிகம். சாயங்காலம் சம்பளமில்லாமல் பழக்கும் அண்ணன்களின் தெரு டீம் சங்கத்தில் முறையாகப் பதிவாகாமல் இருந்தால், அந்த விதி இருந்தும் ஒரு பைசா வராது.

இனி லிவர்பூல் கட்சிக்கு ஒரு வார்த்தை. 2025 கோடையில் முன்னால் ஆடுகிறவர்களாகப் பார்த்து வாங்கினார்கள்: இசாக்குக்கு 12.5 கோடி பவுண்டு, விர்ட்ஸுக்கு 10 கோடிக்கு மேல், எகிடிகே தனி. பின்வரிசைக்குக் கேட்ட கேஹி மட்டும் கடைசி நாளில் கை நழுவிப் போனார். வான் டைக்குக்கு அப்போதே 34 வயது. 2017-இல் காத்திருந்து ஓட்டையை அடைத்த கிளப்பா இது என்று கேட்டால், "இசாக் செட் ஆவட்டும்ணா, அப்புறம் பேசு" என்கிறார்கள்.