கையிலா, நெற்றியிலா? மலைப்பாதைக்கு ஏற்ற டார்ச்

கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி கிராமத்துக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை அது. இருட்டுவதற்குள் ஊர் சேர்ந்துவிடலாம் என்று போட்ட கணக்கு தப்பியது, மூடுபனியும் ஏறிவிட்டது. நெற்றி விளக்கை முழு வெளிச்சத்தில் வைத்தேன். கண்ணெதிரே வெள்ளைத் திரை விழுந்தது, என் கால் எனக்கே தெரியவில்லை. உடன் வந்த நண்பர் கை டார்ச்சை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்திப் பிடித்தார். வேர், ஈரக்கல், மண் சரிந்த இடம் எல்லாம் தத்தம் நிழலோடு எடுப்பாகத் தெரிந்தன.

பனித்துளியில் பட்ட ஒளி வந்த வழியே திரும்புகிறது. விளக்கு கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் அது நேரே கண்ணைக் கூசவைக்கும். தாழ்த்திப் பிடித்தால் அந்தத் தொல்லை குறையும். காட்டுமாட்டின் கண் பளபளப்பைத் தொலைவிலேயே கண்டு ஒதுங்கவும் குவிந்த ஒளி வீசும் கை டார்ச்தான் நல்லது. இந்தப் பழனி மலைத்தொடரில் நடப்பதற்கு என் ஓட்டு அதற்கே.

முகாமில் நெற்றி விளக்கை மிஞ்ச ஆளில்லை. கூடாரக் கயிற்றை இழுத்துக் கட்டவும், அடுப்பு மூட்டவும், காலில் ஏறிய அட்டையை எடுக்கவும் இரண்டு கையும் வேண்டும். சிவப்பு ஒளியும் இருந்தால், இருட்டுக்குப் பழகிய கண் கெடாது.

அட்டைப்பெட்டியில் அச்சிட்ட 1000 லூமென் என்ற வெளிச்ச அளவைப் பார்த்து மயங்காதீர்கள். சிறிய டார்ச் சூடேறியதும் சில நிமிடங்களில் தானே மங்கிவிடும். நிலையாக 200 லூமென் தந்தால் நடைக்குத் தாராளம். தண்ணீரைத் தாங்கும் திறனைச் சொல்லும் குறியீடுகளையும் பாருங்கள்: ஐபிஎக்ஸ்4 என்பது மழைச் சாரலைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாக்குப்பிடிக்கும்.

பேட்டரியில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 18650 என்ற லித்தியம் பேட்டரி (18 மி.மீ. தடிமன், 65 மி.மீ. நீளம்) நெடுநேரம் உழைக்கும்; ஆனால் மலைக் கிராமத்துப் பெட்டிக்கடையில் அதை எதிர்பார்க்க முடியாது. பென்சில் பேட்டரி கிடைத்துவிடும். அதில் சாதாரண ஆல்கலைன் வகை, மன்னவனூர்ப் பக்கத்து மார்கழிக் குளிரில் சீக்கிரம் சோர்ந்துபோகும். எதுவானாலும் இரவில் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், தலைப்பகுதி பக்கவாட்டில் திரும்பிய ‘எல்’ வடிவ டார்ச் வாங்குங்கள். நெற்றிப் பட்டையில் செருகலாம், பனி இறங்கியதும் உருவிக் கையில் பிடிக்கலாம். இப்போது என் பையில் இருப்பது அதுதான். பட்டையிலிருந்து உருவ இரண்டு நொடி ஆகிறது.