விருதம்பட்டு டூ ஸ்ட்ரோக் பாய் கடை: ஸ்டார்ட் ஆகாத ஜெட் ஸ்கியை எழுப்பிக் கொடுத்தவர்

காட்பாடியிலிருந்து வேலூர் வரும்போது, பாலாற்றுப் பாலம் ஏறுவதற்கு முன்னால், விருதம்பட்டில் ஒரு சந்துக்குள் இருக்கிறது இந்தக் கடை. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் எப்போதும் நாலைந்து ஆர்எக்ஸ் 100 நிற்கும், அதுதான் அடையாளம். டூ ஸ்ட்ரோக் பாய் கடை எது என்று கேட்டால் டீக்கடையில் கையைக் காட்டுவார்கள்.

நான் கொண்டுபோனது பைக் இல்லை. கோவளம் பக்கம் வாட்டர் ஸ்போர்ட்ஸ் நடத்தும் என் மச்சானுடைய பழைய யமஹா சூப்பர்ஜெட், நின்றுகொண்டே ஓட்டுகிற ஜெட் ஸ்கி, 701 சிசி. மழைக்காலம் முழுக்க தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அப்புறம் எடுத்தால் செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவே இல்லை. அங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்) பார்த்துவிட்டு, 95, 100 பிஎஸ்ஐதான் வருகிறது, பிஸ்டன், ரிங், சிலிண்டர் போர் எல்லாம் போச்சு, 60,000 ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். மச்சான் அதை விற்றுவிடலாம் என்ற முடிவுக்கே வந்துவிட்டான். நான்தான், ஒரு தடவை நம்ம ஊரில் காட்டிவிடலாம் என்று டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

பாய் ஜெட் ஸ்கியை அதற்கு முன் தொட்டதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் மூடியைத் திறந்து பார்த்ததும், "ரெண்டு சிலிண்டரு, ரீடு வால்வு, இது நம்ம ராஜ்தூத் 350 மாதிரிதானே தம்பி" என்றார். அந்த வண்டியை எத்தனையோ முறை பிரித்துக் கோர்த்தவர் அவர். எனக்கு அப்போதே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே அடுத்து அவர் செய்ததற்காகத்தான். ஸ்பேனரை எடுக்கும் முன் மீட்டரை எடுத்தார். பேட்டரி சும்மா இருக்கும்போது 12.3 வோல்ட், ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் 8.5க்கு இறங்குகிறது. "இந்த பேட்டரியில எடுத்த கம்ப்ரஷன் கணக்கே இல்ல" என்றார். மோட்டார் மெதுவாகச் சுற்றினால் கேஜில் அழுத்தம் குறைவாகத்தான் காட்டும், த்ராட்டில் மூடியிருந்தால் காற்றே உள்ளே போகாது, இன்னும் குறையும். வேறு பேட்டரி போட்டு, இரண்டு பிளக்கையும் கழற்றி, பிளக் வயர்களை இன்ஜின் உடம்பில் எர்த் பண்ணிவிட்டு (இல்லாவிட்டால் ஸ்பார்க்கை உண்டாக்கும் சிடிஐ கெடும், வெளியே வரும் பெட்ரோல் ஆவியில் தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும்), த்ராட்டிலை முழுசாகத் திறந்து பிடித்துக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒன்றில் 150, இன்னொன்றில் 148. 60,000 ரூபாய் வேலை அந்த இடத்திலேயே இல்லாமல் போனது. மச்சானுக்கு உடனே போன் போட்டுச் சொன்னேன், நாலு நாளாகத் தூங்கவில்லை என்றான்.

சரி, பிறகு என்னதான் கோளாறு? ஓட்டுபவர் விழுந்தால் இன்ஜினை நிறுத்த மணிக்கட்டில் மாட்டும் கயிற்றின் கிளிப், சிவப்பு ஸ்டாப் பட்டன் இரண்டும் சரி. ஸ்பார்க் நீலமாக நன்றாக வருகிறது. ஆனால் அவ்வளவு நேரம் சுற்றியும் பிளக் இரண்டும் காய்ந்து கிடந்தன, அதாவது பெட்ரோல் வந்து சேரவே இல்லை. ஆயில் கலந்த பெட்ரோல் ஒரு ஸ்பூன் இரண்டு சிலிண்டரிலும் விட்டு, பிளக்கை மாட்டி அழுத்தினார், இரண்டு செகண்ட் உறுமிவிட்டு நின்றது. உறுமியதே போதும், இன்ஜினில் உயிர் இருக்கிறது.

இந்த இன்ஜினில் பெட்ரோலை இழுக்கத் தனி மோட்டார் கிடையாது. பிஸ்டன் ஏறி இறங்கும்போது அதற்குக் கீழே இருக்கும் கிராங்க் கேஸில் அழுத்தம் கூடிக் குறையும், அந்தத் துடிப்பு ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாக கார்ப்பரேட்டருக்குப் போய் அங்கே ஒரு டயாஃப்ரத்தை, அதாவது மெல்லிய சவ்வை, ஆட்டும், அதுதான் பம்ப். அந்தக் குழாய் கிளிப்புக்கு அடியில் வெடித்திருந்தது. வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது, பாய் கழற்றி வளைத்துப் பார்த்ததால்தான் தெரிந்தது. டயாஃப்ரமும் விறைத்துப்போய், உள் ஃபில்டரில் கோந்து மாதிரி படிந்திருந்தது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பருக்கு ஆகாது. மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கைக் காலி பண்ணிவிடுங்கள்.

டயாஃப்ரம் கிட் வெளியூரிலிருந்து வர 9 நாள் ஆனது. குழாய், கிட், பிளக், புது பேட்டரி, கூலி எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய், அதில் கூலி 1,800தான். நானாகக் கூட 500 கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றார்.

ஒரே ஒரு விஷயம் நான் சொல்ல வேண்டியிருந்தது. கடையிலேயே ஓட்டிப் பார்க்க, இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஹோஸை மாட்டியதும் கடைப் பையன் முதலில் தண்ணீரைத் திறக்கப் போனான். இன்ஜின் ஓடாதபோது தண்ணீர் விட்டால் எக்ஸாஸ்ட் வழியாக சிலிண்டருக்குள் போய்விடும், அதனால் இன்ஜினை ஸ்டார்ட் செய்த பிறகுதான் தண்ணீர், நிறுத்தும்போது முதலில் தண்ணீர் அப்புறம் இன்ஜின் என்றேன். தண்ணீர் இல்லாமல் 15 செகண்டுக்கு மேல் ஓட விடவும் கூடாது. பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பையனிடம் அதையே திருப்பிச் சொல்ல வைத்தார். பெரிய மெக்கானிக் என்கிற கர்வம் துளியும் இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். போனை எடுக்கவே மாட்டார், நேரில்தான் போக வேண்டும். பில் கிடையாது, துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். சந்துக்குள் டாடா ஏஸ் வராது, 130 கிலோவுக்கு மேல் இருக்கும் வண்டியை முனையிலிருந்து நாலு பேர் தூக்கித்தான் வந்தோம். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவார், 3 மணிக்கு மேல் போங்கள். புது ஃபோர் ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கியை அவரிடம் கொண்டுபோகாதீர்கள், தொட மாட்டேன் என்று அவரே சொல்கிறார்.

வண்டி கோவளத்தில் ஆறு மாதமாக ஓடுகிறது, ஸ்டார்ட் பட்டனை ஒரு தரம் அழுத்தினால் போதும். போகிறவர்கள் பேட்டரியை வீட்டிலேயே முழுசாக சார்ஜ் போட்டு எடுத்துப் போங்கள், அவரிடம் இருப்பது ஒரே சார்ஜர், அதற்கு எப்போதும் வரிசை.