ட்ரைவை முதலில் பாருங்கள், எஞ்சின் பிறகு

சென்ற இலையுதிர் காலத்தில் என் 27 அடிப் படகின் ட்ரைவிலிருந்து எண்ணெயை வடித்தேன். பால் தேநீர் நிறத்தில் வந்தது. எஞ்சின் படகுக்குள்ளும், ப்ரொப்பல்லரைச் சுழற்றும் ட்ரைவ் பின்பலகைக்கு வெளியேயும் இருக்கும் ஸ்டெர்ன்ட்ரைவ் அமைப்பை வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. கடல்நீர் பல்சக்கரங்களுக்குள் போய்விட்டது. குற்றவாளி நான்தான்: ப்ரொப்பல்லர் தண்டில் தங்கூசி (தூண்டில் நூல்) சுற்றிக்கொண்டு எண்ணெய் சீலை அறுத்திருந்தது. கோடை முழுவதும் அதைக் கழற்றிப் பார்க்காமல் ஓட்டியிருக்கிறேன்.

உள்ளே இருந்தது வோல்வோ பென்டா ஏடி41. ஆறு சிலிண்டர், 3.6 லிட்டர், 200 குதிரைவலு, கணினி என்ற பேச்சே இல்லாத பழைய டீசல். அது இன்னும் சில ஆண்டுகள் ஓடியிருக்கும். ஆனால் ட்ரைவைத் திருத்தும் செலவோடு எஞ்சினின் குளிரூட்டிகளுக்கு ஆகும் செலவையும் கூட்டிப் பார்த்தபோது, நோர்வேயின் பேர்கன் நகர மழைக்காலம் முழுவதும் வீட்டில் உட்கார்ந்து புதிய எஞ்சின் தேடுவது என்று முடிவாயிற்று. நோர்வேக்காரர்கள் இந்தக் கருவியை வெறுமனே 'ட்ரெவ்' என்பார்கள். படகு வாங்க வருகிறவர் எஞ்சின் மூடியைத் திறப்பதற்கு முன்பே பின்னால் போய்க் குனிந்து ட்ரெவ்வைத்தான் பார்ப்பார். அந்தக் குனிதலில் நியாயம் இருக்கிறது.

எஞ்சின் படகுக்குள் உலர்ந்த இடத்தில் வசதியாக இருக்கிறது. ட்ரைவோ எப்போதும் உப்புநீரில் தொங்குகிறது. எஞ்சினிலிருந்து கிடையாக வரும் சுழற்சியைச் செங்குத்தாகக் கீழே இறக்கி, மறுபடியும் கிடையாகத் திருப்பி ப்ரொப்பல்லருக்குக் கொடுப்பது அதன் வேலை. இரண்டு முறை செங்கோணத் திருப்பம். மேலும் கீழும் சாயவும், இடமும் வலமும் திரும்பவும் வேண்டும் என்பதால் இணைப்புத் தண்டைச் சுற்றி ரப்பர் பெல்லோஸ் (மடிப்புக் குழாய்) ஒன்று. அது கிழிந்தால் தண்ணீர் நேராகப் படகுக்குள் வரும். பெல்லோஸின் மடிப்புகளை விரலால் விரித்துப் பாருங்கள். வெளியே பளபளப்பாக இருக்கும்; மடிப்பின் அடியில் மயிரிழை வெடிப்பும் கொட்டலசு (ஒட்டிக்கொள்ளும் ஓட்டு உயிரி) உரசிய தழும்பும் தெரியும். ஆகவே எந்தக் கம்பனியை எடுத்தாலும், எஞ்சின் மீது காதல் கொள்வதற்கு முன் அதன் ட்ரைவோடு வாழ முடியுமா என்று பாருங்கள்.

முதல் போட்டியாளர் வோல்வோ பென்டாவின் டி4, டிபிஐ ட்ரைவுடன். 3.7 லிட்டர், நான்கு சிலிண்டர், வரிசை எஞ்சின். இதன் சிறப்பு எஞ்சினில் இல்லை, ட்ரைவில் இருக்கிறது. பழைய ட்ரைவுகளில் கூம்புக் கிளட்ச். கியர் போடும்போது 'டங்' என்று ஒரு சத்தம் வரும், மனைவி நிமிர்ந்து பார்ப்பார். டிபிஐயில் ஹைட்ரோலிக் கிளட்ச். கியர் விழுந்தது தெரியவே தெரியாது. இறங்குதுறையில் காற்று பக்கவாட்டில் தள்ளும்போது முன்னும் பின்னுமாகப் பத்துத் தடவை கியர் மாற்ற வேண்டியிருக்கும், அங்கேதான் இதன் அருமை புரியும். எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இரட்டை ப்ரொப்பல்லரை இந்தக் கம்பனி 1982இல் கொண்டுவந்தது. ஒற்றை ப்ரொப்பல்லர் படகை ஒரு பக்கம் இழுக்கும். இரட்டை அப்படிச் செய்யாது, நேராகப் போகும். குறைகள்: விலை அதிகம், எடை அதிகம், எல்லாவற்றுக்கும் மின்னணுப் பெட்டி. கடையில் ஒரு சென்சர் இல்லை என்றால் உங்கள் வார இறுதியும் இல்லை.

இரண்டாவது மெர்க்குரியின் 3.0 லிட்டர் வி6 டிடிஐ, பிராவோ த்ரீ ட்ரைவுடன். இந்த எஞ்சினின் பூர்வீகம் போக்ஸ்வாகன் குழுமத்தின் கார். அதனால் சத்தம் குறைவு, அதிர்வு குறைவு, டி4ஐவிட எடையும் குறைவு. சிறிய படகில் எடை பெரிய விஷயம்: பின்பாரம் கூடினால் அணியம் (முன்பகுதி) வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும், படகு நீர்மேல் எழும்பத் திணறும். ட்ரெய்லரில் வைத்து இழுத்துப்போய் நீரில் இறக்கி, மாலையில் கரையேற்றிக் கழுவி வைப்பவர் நீங்கள் என்றால் யோசிக்காமல் இதை எடுங்கள். கோடை முழுவதும் உப்புநீரில் கட்டி வைப்பவர் என்றால் நிறையவே யோசியுங்கள். அலுமினிய ட்ரைவுக்குப் பின்னால் எவர்சில்வர் ப்ரொப்பல்லர்கள். உப்புநீரில் இரண்டு உலோகங்கள் பக்கத்தில் இருந்தால் பலவீனமானது அரிபடும். அதைத் தடுக்க மெர்க்குரி மின்னோட்டப் பாதுகாப்பும் தருகிறது, ட்ரைவுக்குப் பதிலாகத் தாமே அரிபடும் உலோகத் துண்டுகளான தியாக அனோடுகளும் தருகிறது. ஆனால் அனோடுகளைப் பார்த்து மாற்றும் பழக்கம் உங்களுக்கு வேண்டும். உப்புநீருக்கு நாகம் (துத்தநாகம்), நன்னீருக்கு மக்னீசியம், இரண்டும் கலந்த உவர்நீருக்கு அலுமினியம். ட்ரைவின் மீது செப்பு கலந்த பாசித்தடுப்பு வண்ணத்தை அடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் எந்தக் கம்பனியாலும் காப்பாற்ற முடியாது.

ஒரு வேடிக்கை. இந்த இரண்டு பகைவர்களும் ஒரே வீட்டில் பிறந்தவர்கள். 1959இல் நியூயோர்க் படகுக் கண்காட்சியில் வோல்வோ பென்டா காட்டிய அக்வாமாட்டிக் ட்ரைவின் பின்னால் இருந்தவர் ஜிம் வின், அதற்கு முன் மெர்க்குரியில் வேலை செய்த பொறியாளர். மெர்க்குரி தன் மெர்க்ரூசர் ட்ரைவோடு வந்தது 1961இல்.

மூன்றாவது யன்மார் 4எல்வி. டொயோட்டா 2.8 லிட்டர் எஞ்சினை அடியாகக் கொண்டது, 150 முதல் 250 குதிரைவலு வரை. நல்ல எஞ்சின், அடக்கமானது. ஆனால் என் வட்டாரத்தில் அதன் ட்ரைவை அன்றாடம் கழற்றிப் பூட்டுகிற கைகள் இல்லை. அதனால் எனக்கு அது முடிந்த கதை. ட்ரைவ் ஒருவருடையது, எஞ்சின் இன்னொருவருடையது என்று கலந்து வாங்குவதையும் தவிர்த்தேன். இடையில் பழுது வந்தால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள்.

விளம்பரத் தாளில் குதிரைவலு எண்ணைவிட மேலான வரி ஒன்று உண்டு, பெரும்பாலோர் அதைப் படிப்பதில்லை. வோல்வோ இந்த எஞ்சின்களுக்குப் போடும் 5ஆம் வகை மதிப்பீட்டின்படி, ஆண்டுக்கு 300 மணிக்குக் கீழ் ஓடும் பொழுதுபோக்குப் படகு. முழு வலு 12 மணி நேர ஓட்டத்தில் ஒரு மணி நேரம் மட்டும். அதற்கு மேல் எப்போதும் விசையை முழுவதாக அழுத்திப் போவது அந்த எஞ்சினுக்குச் சொன்ன வேலை அல்ல. இன்னொன்று: எரிபொருள், தண்ணீர், ஆட்கள் எல்லாம் ஏற்றிய நிலையில் முழு விசையில் எஞ்சின் தன் குறித்த அதிகபட்சச் சுழற்சியைத் தொட வேண்டும். தொடாவிட்டால் ப்ரொப்பல்லரின் புரிக்கோணம் (இலைகளின் சாய்வு) அதிகம். படகு வேகமாகப் போவது போலத்தான் இருக்கும், பின்னால் கரும்புகை வரும், டர்போவும் வால்வுகளும் வெந்துகொண்டிருக்கும். விற்பவர் வெறும் படகில் ஒருவராக உட்கார்ந்து காட்டும் வேகத்தை நம்பாதீர்கள். நான்கு நண்பர்களையும் நிரம்பிய தாங்கியையும் வைத்துப் பாருங்கள்.

சிலர் ட்ரைவ் பொருந்தும் பின்பலகை ஓட்டையை அடைத்துவிட்டு வெளிப்பொருத்து எஞ்சின் மாட்டச் சொன்னார்கள். நீச்சல் மேடை போய்விடும், டீசலின் சிக்கனமும் போய்விடும். அதிகம் யோசிக்கவில்லை.

ஓட்டை பற்றிச் சொல்ல மறந்தேன். மெர்க்குரியின் ஓட்டை வேறு வடிவம். என் படகில் இருப்பது வோல்வோவின் வெட்டு. மாறினால் பலகையை அடைத்து, கண்ணாடி இழை போட்டு மூடி, மறுபடி வெட்ட வேண்டும். அந்தக் கூலியையும் கூட்டினால் மெர்க்குரியின் மலிவு காணாமல் போகிறது. புதிய படகு வாங்குபவருக்கு இந்தக் கணக்கு இல்லை. அவருக்கு என் தீர்ப்பு வேறாகவும் இருக்கலாம்.

டி4ஐத்தான் கேட்டேன், 230 குதிரைவலு. விற்பனையாளர் 270க்கும் அதற்கும் உள்ள விலை வித்தியாசத்தை மெல்லச் சொல்லிப் பார்த்தார். அந்தப் பணத்தில் உபரியாக ஒரு செட் ப்ரொப்பல்லர் வாங்கி முன்னறையில் வைத்திருக்கிறேன், எங்கள் வட்டாரப் பாறைகளை எனக்குத் தெரியும் என்பதால். கூடவே ஒரு சிறிய கத்தியும் இருக்கிறது. தங்கூசி அறுக்க.