ஒரு நொடி க்ளூவா, மூணு நொடி க்ளூவா, லைட் க்ளூவா? சென்னை ஈரத்தில் லேஷ் நிற்க எது உதவும்?

"பத்து நாள்கூட நிக்கலைங்க, பாதி கொட்டிடுச்சு" என்று லேஷ் எக்ஸ்டென்ஷன் (இமை முடிமேல் ஒட்டும் செயற்கை முடி) போட்ட கிளையன்ட் ஃபோன் பண்ணியதும் நம்மில் பலர் முதலில் செய்வது க்ளூவை மாற்றுவதுதான். அதுவும் இருப்பதைவிட வேகமானதாகப் பார்த்து வாங்குவோம். சென்னை மாதிரி கடலோர ஊரில் இது பெரும்பாலும் தப்பான திசை என்பது என் கருத்து.

லேஷ் க்ளூவில் வேலை செய்வது சயனோஅக்ரிலேட். தண்ணீர் வற்றி இறுகும் பசை அல்ல இது, காற்றிலும் இமை முடியிலும் உள்ள ஈரம் பட்டு இறுகும் பசை. ஈரம் கூடினால் வேகமாக இறுகும், குறைந்தால் மெதுவாக. பாட்டிலில் இறுகும் நேரம் '1 நொடி' என்று போட்டிருப்பது அந்தக் கம்பெனி சொல்லும் வெப்பநிலையிலும் ஈரப்பதத்திலும்தான். பல க்ளூக்களுக்கு அது 20 முதல் 24 டிகிரி, 40 முதல் 60 சதவீதம் என்ற அளவில் இருக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஜன்னல் திறந்திருக்கும் அறையில் ஈரப்பதம் 80-ஐத் தாண்டும். அங்கே ஒரு நொடி க்ளூ, எக்ஸ்டென்ஷனை முடிமேல் வைப்பதற்கு முன்பே மேலே ஏடு கட்டிவிடும்.

கொட்டிய லேஷை ஒரு ஜிப் கவரில் போட்டு எடுத்து வரச் சொல்லுங்கள். லென்ஸ் வைத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். சொந்த இமை முடியோடு சேர்ந்து விழுந்திருந்தால் அது க்ளூவின் குற்றமே இல்லை. இமை முடி தினம் ஒன்றிரண்டாவது உதிரத்தான் செய்யும், எக்ஸ்டென்ஷனும் கூடப் போகும். எக்ஸ்டென்ஷன் மட்டும் தனியாக வந்து, அடியில் க்ளூ சின்ன மணியாக உருண்டு, வெளுத்து, நகத்தால் தொட்டால் நொறுங்கினால், முடியைச் சுற்றிப் பிடிக்கும் முன்பே இறுகிவிட்டது என்று அர்த்தம். அடி வழவழவென்று க்ளூவே தங்காமல் இருந்தால், முடியில் எண்ணெய் இருந்ததா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

வேகமான க்ளூவுக்கு நியாயமான இடம் உண்டு. ஏசி நாள் முழுக்க ஓடி, ஈரப்பதம் 50-ஐ ஒட்டி நிலையாக நிற்கும் அறை. ட்வீசரில் எடுத்து, தொட்டு, வைத்து, உடனே விடும் கை. அப்படிப்பட்டவருக்கு ஒரு நொடி க்ளூ அருமை: முடிகள் ஒன்றோடொன்று ஒட்டாது, வால்யூம் ஃபேன் (விசிறிபோல் விரித்த மெல்லிய முடிக்கொத்து) மூடிக்கொள்ளாது, ஒரு செட்டுக்கு ஆகும் நேரமும் குறையும். ஆனால் வைத்த பிறகு 'கொஞ்சம் இந்தப் பக்கம்' என்று நகர்த்திப் பார்க்கும் பழக்கம் உள்ளவர் கையில் அதே க்ளூ கெடுதல். பாதி இறுகியதை அசைத்தால் அந்தப் பிணைப்பு அங்கேயே உடைந்துவிடும்.

இரண்டு மூன்று நொடி எடுக்கும் க்ளூ முடியைச் சுற்றிப் படர நேரம் தருகிறது. நேராக்கிக்கொள்ளவும் ஒரு மூச்சு அவகாசம் இருக்கும். கரண்ட் போய் ஏசி நின்று ஈரம் ஏறினாலும், மூன்று நொடி ஒன்றரை நொடியாகும், அவ்வளவுதான், வேலை கெடாது. இதற்குக் கொடுக்கும் விலை பொறுமை. பக்கத்து முடியைப் பிரித்துப் பிடித்த ட்வீசரைச் சட்டென்று விட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பிறகு வேர் இழுபட்டு வலிக்கும். கிளாசிக் செட் (ஒரு இமை முடிக்கு ஒரு எக்ஸ்டென்ஷன்) போடுபவர்களுக்கு நம் ஊரில் நான் கைகாட்டுவது இதைத்தான்.

லைட் க்ளூ இப்போது எல்லோர் வாயிலும் அடிபடுகிறது. இதிலும் சயனோஅக்ரிலேட்தான், கூடவே ஒளிபட்டால் வேலையைத் தொடங்கும் பொருள் சேர்ந்திருக்கும். 395 முதல் 405 நானோமீட்டர் வரையிலான எல்இடி ஒளியைக் காட்டினால் உடனே இறுகும். அறை ஈரத்தின் பிடி வெகுவாகத் தளர்ந்துவிடுவதால் மழைக்காலத்துக்கு நல்ல வழிதான். ஆனால் க்ளூவைத் தடியாக எடுத்தால் கறுப்பு நிறமே ஒளியை மறைக்கும், மேலே இறுகி உள்ளே ஈரமாக நிற்கும். விளக்குச் செலவு தனி. கிளையன்ட் கண் முழுதாக மூடியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். சயனோஅக்ரிலேட் அலர்ஜி உள்ளவருக்கு இது மாற்று அல்ல. அவர்களுக்கு எக்ஸ்டென்ஷனே வேண்டாம் என்று சொல்லி அனுப்புவதுதான் நேர்மை.

மூன்றில் எதை எடுத்தாலும், முடி சுத்தமாக இல்லையென்றால் பணம் வீண். தலைக்கு எண்ணெய் வைத்து, கண்ணுக்கு மை தீட்டி வருபவர்கள் நம் கிளையன்ட்கள். மை வேர்க்கால் வரை இறங்கியிருக்கும். பிரைமரை (எண்ணெய்ப் பசையை எடுக்கும் திரவம்) ஒரு தடவை தடவிவிட்டு ஆரம்பிப்பவர்களைப் பார்க்கிறேன். பிரைமரும் கழுவலும் ஒன்றுக்கொன்று ஈடல்ல. எண்ணெய் சேராத லேஷ் ஷாம்பூ நுரையை மென்மையான பிரஷ்ஷில் எடுத்து, வேரிலிருந்து நுனிவரை தேய்த்து, தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்த வேண்டும். கழுவலுக்குப் பிறகும் எண்ணெய் கசியும் இமைகளுக்கு மட்டும் பிரைமர் போட்டால் போதும்.

வேலை முடிந்ததும் நானோ மிஸ்டர் (நுண்ணிய நீர்த்துளி தூவும் கருவி) அடிப்பது வறண்ட அறைக்கான வழக்கம். ஈரம் மிகுந்த அறையில் அது தேவையே இல்லை, பிணைப்பை வெளுக்க வைக்கும் ஆபத்துதான் அதிகம். அதற்குப் பதில் பாண்டர் (க்ளூ முழுதாக இறுக உதவும் திரவம்) பூசுவது மேல்.

ஃபெவிக்விக்கும் இதே குடும்பம்தானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கண்ணருகே அதைக் கொண்டுபோகவே கூடாது. புது க்ளூ எதுவானாலும் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் பேட்ச் டெஸ்ட் (அலர்ஜி வருகிறதா என்று பார்க்கும் சோதனை) வைத்துவிடுங்கள்.

புதிதாகத் தொழில் தொடங்கும் தங்கைகளுக்கு: மூணு நொடி க்ளூ ஒன்று, லேஷ் ஷாம்பூ ஒன்று, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டர் ஒன்று. இவ்வளவு போதும். க்ளூ சொட்டை 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாக வையுங்கள். திறந்த பாட்டிலை ஒன்றிரண்டு மாதத்துக்கு மேல் இழுக்காதீர்கள். ஹைக்ரோமீட்டரை ஏசிக்குக் கீழே சுவரில் மாட்டாமல், கிளையன்ட் தலைமாட்டில், க்ளூ தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். க்ளூ இறுகுவது அந்த இடத்துக் காற்றில்தான்.