இ.சி., பிபிஎம், கிராம் கணக்கு: சத்துக்கரைசலை எதை வைத்து அளப்பது?

மண்ணில்லாமல் செடி வளர்க்க ஆரம்பிப்பவர்கள் பலர் முதலில் வாங்குவது ஒரு டிடிஎஸ் பேனா, அதாவது நீரில் கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவைக் காட்டும் என்று சொல்லப்படும் மீட்டர். குடிநீரைச் சோதிக்க என்று விற்கிற அதே பேனாதான். நானும் அதைத்தான் வாங்கினேன். தொட்டியில் நனைத்தால் ஒரு எண் வருகிறது. எண் வந்துவிட்டால் அளந்துவிட்டோம் என்று மனசு நம்பிவிடுகிறது. 980 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அலகு) வைக்கச் சொன்ன ஒரு அட்டவணையைப் பார்த்து, மீட்டரில் 980 வரும்வரை லெட்டூஸ் தொட்டியில் சத்து ஊற்றினேன். பத்து நாளில் குருத்து இலைகளின் ஓரம் பழுத்துக் கருகியது. அட்டவணையில் தப்பில்லை, மீட்டரும் கெட்டுப்போகவில்லை. அட்டவணை போட்டவரின் பிபிஎம் வேறு, என் பேனாவின் பிபிஎம் வேறு.

டிடிஎஸ் மீட்டர் கரைந்திருக்கும் உப்பை எடை போடுவதே இல்லை. நுனியில் இருக்கும் இரண்டு மின்முனைகளுக்கு நடுவே துளி மின்சாரத்தை ஓடவிட்டு, நீர் அதை எவ்வளவு கடத்துகிறது என்று பார்க்கிறது. இ.சி., அதாவது மின்கடத்துதிறன், அளக்கும் மீட்டர் செய்வதும் இதையேதான். இ.சி. மீட்டர் அளந்ததை அப்படியே காட்டுகிறது: சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிசீமன்ஸ் என்று. டிடிஎஸ் மீட்டர் அதே அளவை உள்ளுக்குள் ஒரு எண்ணால் பெருக்கி, பிபிஎம் என்று பெயர் வைத்துக் காட்டுகிறது. வில்லங்கம் அந்தப் பெருக்கலில்தான். சில மீட்டர்களுக்கு 1 மில்லிசீமன்ஸ் என்றால் 500 பிபிஎம், சிலவற்றுக்கு 700. 640 என்று எடுத்துக்கொள்பவையும் உண்டு. இ.சி. 2.0 உள்ள ஒரே தொட்டி ஒருவர் கையில் 1000, பக்கத்தில் நிற்பவர் கையில் 1400.

என் அட்டவணை 700 கணக்கில் போட்டது. அதன்படி 980 என்றால் இ.சி. 1.4. என் பேனாவோ 500 கணக்கு. அதில் 980 வரவைக்க இ.சி.யை 1.96 வரை ஏற்றியிருக்கிறேன். தக்காளியாக இருந்திருந்தால் இரண்டுக்கு மேல் போனாலும் கண்டுகொண்டிருக்காது. லெட்டூஸுக்கு அது அதிகம்.

சரி, இந்த 500, 700 எல்லாம் எங்கிருந்து வந்தன? 500 என்பது சாப்பாட்டு உப்புக் கரைசலை வைத்துப் போட்ட கணக்கு. 700 என்பது சோடியம் சல்பேட் 40 பங்கு, சோடியம் பைகார்பனேட் 40 பங்கு, சோடியம் குளோரைடு 20 பங்கு கலந்த ஒரு கலவையை வைத்து. இயற்கையான நன்னீரை ஒத்திருக்கட்டும் என்று தேர்ந்தெடுத்தது. இரண்டிலுமே நம் தொட்டியில் இருக்கும் நைட்ரேட்டோ பொட்டாசியமோ கிடையாது. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சுத்திகரித்த ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராம் சாப்பாட்டு உப்பைக் கரைத்தால் இ.சி. ஏறக்குறைய 2, 500 கணக்குப் பேனா 1000 என்று சரியாகவே சொல்லும். உப்புக்குப் பதில் ஒரு கிராம் பொட்டாசியம் நைட்ரேட் போட்டால் இ.சி. 1.3, 1.4 பக்கம் நிற்கும். கரைந்திருப்பது அதே ஒரு கிராம்தான், பேனா காட்டுவதோ எழுநூறுக்குள். யூரியாவைப் போட்டுப் பார்த்தால் எண் அசையவே அசையாது, ஏனென்றால் யூரியா அயனியாக (மின்னேற்றம் கொண்ட துகளாக) பிரிவதில்லை.

பிபிஎம்மை விடாதவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "1000 பிபிஎம் என்றால் லிட்டருக்கு ஒரு கிராம், மனசில் நிற்கிறது." மனசில் நிற்பது உண்மை, அது சரியில்லை என்பதுதான் சிக்கல். இதில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. உரக் கலவைக் குறிப்புகளில் நைட்ரஜன் 150 பிபிஎம், பொட்டாசியம் 200 பிபிஎம் என்று வருமே, அது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற நிஜமான எடை. பேனா காட்டும் பிபிஎம்முக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதனால் என் தீர்ப்பு இ.சி. பக்கம்தான். இ.சி.யிலும் பல உருவம் உண்டு: 1.4 மில்லிசீமன்ஸ், 1400 மைக்ரோசீமன்ஸ், சி.எஃப். (மில்லிசீமன்ஸின் பத்து மடங்கு) 14. ஆனால் இவற்றில் புள்ளி இடம் மாறுகிறதே தவிர வேறெதுவும் மாறுவதில்லை.

மீட்டரே வேண்டாம், தராசும் அளவுக் குடுவையும் போதும் என்பவர்கள் உண்டு. அவர்கள் பாதி சரி. புதிதாகக் கரைசல் கலக்கும் நாளில் நல்ல தராசுக்கு ஈடாக எந்த மீட்டரும் வராது, எந்தச் சத்து எவ்வளவு என்பது அன்று கையில் இருக்கிறது. மறுநாள் முதல் அந்தக் கணக்கு பழசு. வெயில் நாளில் செடி சத்தைவிடத் தண்ணீரை வேகமாக இழுக்கும், இ.சி. ஏறும், அப்போது வெறும் நீர் ஊற்ற வேண்டும். சத்தை வேகமாக இழுத்தால் இ.சி. இறங்கும், அப்போது கரைசல் சேர்க்க வேண்டும். இந்த ஏற்ற இறக்கம் தராசுக்குத் தெரியாது. கலக்க தராசு, கண்காணிக்க மீட்டர் என்று பிரித்துக்கொண்டேன்.

இ.சி.யையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. சத்தை ஏ, பி என்று இரண்டு குப்பிகளில் வைத்து, இரண்டிலிருந்தும் ஊற்ற வேண்டும். ஒரு நாள் ஏ குப்பியிலிருந்து ஊற்றிவிட்டு, பேச்சு சுவாரசியத்தில் மறுபடி ஏ குப்பியையே எடுத்து ஊற்றிவிட்டேன். மீட்டர் பார்த்தால் வேண்டிய எண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில். ஏ-யில் கால்சியம் நைட்ரேட்டும் இரும்பும். பாஸ்பேட், மக்னீசியம் எல்லாம் பி-யில். எண் அழகாக இருக்கிறது, தொட்டியில் பாஸ்பரஸ் ஒரு சொட்டுக்கூட இல்லை. அப்புறம் பி குப்பியின் அளவு குறையாததைப் பார்த்துத்தான் பிடித்தேன். இரும்பு லிட்டருக்கு இரண்டு மூன்று மில்லிகிராம்தான் போகிறது, அது மொத்தமாக இல்லாமல் போனாலும் இ.சி.யில் தெரியாது. உப்பு கலந்த நீரில் வரும் சோடியமோ செடி தொடாமல் தொட்டியிலேயே தங்கித் தங்கி எண்ணை ஏற்றிக்காட்டும். குழாய் நீரே 0.6 என்றால், 1.4-இல் நீங்கள் கொடுத்த சத்து 0.8 மட்டுமே.

இந்தக் குறைக்கு மருந்து, அயனியைத் தனித்தனியாக அளக்கும் மீட்டர்கள். ஹோரிபா நிறுவனத்தின் லாக்வாட்வின் வரிசையில் நைட்ரேட்டுக்கு ஒன்று, பொட்டாசியத்துக்கு ஒன்று, கால்சியத்துக்கு ஒன்று என்று சட்டைப்பையில் போடுகிற அளவிலேயே இருக்கின்றன. துல்லியம் வேண்டுமென்றால் அடிக்கடி அளவு திருத்த வேண்டும், உணரியும் தேய்ந்துபோகும். ஒரே கரைசலை மாதக்கணக்கில் சுழலவிடும் பெரிய பண்ணைக்கு அதுவோ ஆய்வகச் சோதனையோ அவசியம். சின்னத் தொட்டிக்கு அவ்வளவு தேவையில்லை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பழைய கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்தால் பிரச்சினை அதோடு போயிற்று.

இ.சி. மீட்டரிலும் பேனா வகை, தடி வகை என்று இரண்டு. ப்ளூலேப் ட்ரஞ்சன் போன்ற தடியில் திரை இல்லை, விளக்கு எரியும் இடத்தைப் படிக்க வேண்டும், இ.சி., சி.எஃப்., 500, 700 நான்கு அளவும் பக்கத்துப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும். அளவு திருத்தும் வேலையும் இல்லை. பேனாவில் நுணுக்கம் அதிகம், ஆனால் 1.413 மில்லிசீமன்ஸ் திருத்தக் கரைசலில் அவ்வப்போது நனைத்துச் சரிபார்க்க வேண்டும். வெப்ப ஈடு (நீரின் வெப்பநிலைக்கு ஏற்ப எண்ணைத் திருத்தும் வசதி) உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் இ.சி. ஏறக்குறைய 2 சதவீதம் மாறும். 25 டிகிரிக்கான எண்ணை 15 டிகிரி நீரில் ஈடு செய்யாமல் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துச் சொல்லும். ஈடு இருந்தாலும் நனைத்தவுடன் படிக்காமல் ஒரு நிமிடம் விடுங்கள்.

என் பழைய டிடிஎஸ் பேனாவைத் தூக்கிப் போடவில்லை. மூடியில் மார்க்கரால் 500 என்று எழுதி, குடிநீர் வடிகட்டிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். அங்கே நேற்றைக்கு இன்று எண் ஏறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி, அதற்கு அது போதும்.